மோர்ஸில் எழுத, மோர்ஸைப் படிக்க: தமிழுக்கும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

மோர்ஸ் என்பது ஒவ்வோர் எழுத்தையும் புள்ளியும் கோடுமாக மாற்றி அனுப்பும் தந்திக் குறியீடு. முதலில் ஒரு ஏற்பாடு. 'பி' என்று தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா என்று தெரியாது. 'டி'க்கும் இதே கதி. ரேடியோவில் பேசுபவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு என்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா... பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் எழுத்துதான் அந்த எழுத்து. இங்கும் அப்படியே அழைப்போம்.

இப்போது இதைப் பாருங்கள்.

-.-.

இதை எட்டு விதமாகப் படிக்கலாம். ஒரே எழுத்தாக எடுத்தால் சார்லி. நடுவில் வெட்டினால் இரண்டு நவம்பர். முதல் கோட்டைத் தனியாக்கினால் டேங்கோ, ரோமியோ. கடைசிப் புள்ளியைத் தனியாக்கினால் கிலோ, எக்கோ. மூன்றாகவும் நான்காகவும் வெட்டினால் இன்னும் நான்கு வாசிப்புகள் கிடைக்கும். எட்டுமே செல்லுபடியாகும் எழுத்துகள். மோர்ஸ் மொழிபெயர்ப்பில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை புள்ளியிலோ கோட்டிலோ வருவதில்லை, இடைவெளியில்தான் வருகின்றன. தாளில் எழுதினாலும் போனில் தட்டினாலும் விளக்கை அணைத்து எரித்தாலும் இதே கதைதான்.

அட்டவணை

அகர வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். நீளத்தின்படி அடுக்கினால் குறியைப் பார்த்து எழுத்தைத் தேடுவது சுலபம்.

ஒரு குறி:
எக்கோ .
டேங்கோ -

இரண்டு குறி:
இந்தியா ..
ஆல்ஃபா .-
நவம்பர் -.
மைக் --

மூன்று குறி:
சியரா ...
யூனிஃபார்ம் ..-
ரோமியோ .-.
விஸ்கி .--
டெல்டா -..
கிலோ -.-
கோல்ஃப் --.
ஆஸ்கர் ---

நான்கு குறி:
ஹோட்டல் ....
விக்டர் ...-
ஃபாக்ஸ்ட்ராட் ..-.
லிமா .-..
பாப்பா .--.
ஜூலியட் .---
பிராவோ -...
எக்ஸ்-ரே -..-
சார்லி -.-.
யாங்கி -.--
ஜூலு --..
கியூபெக் --.-

எண்கள் எல்லாம் ஐந்து குறி. 1 என்பது ஒரு புள்ளி, நான்கு கோடு (.----). 2 இரண்டு புள்ளி, மூன்று கோடு. இப்படியே 5-ல் ஐந்தும் புள்ளி (.....). பிறகு 6-ல் ஒரு கோடு, நான்கு புள்ளி (-....) என்று திரும்பி 0-வில் ஐந்தும் கோடாக (-----) முடியும்.

நிறுத்தக் குறிகளில் அன்றாடம் தேவைப்படுபவை சில:
முற்றுப்புள்ளி .-.-.-
காற்புள்ளி --..--
கேள்விக்குறி ..--..
சாய்கோடு -..-.
இமெயில் முகவரியில் வரும் 'அட்' குறி .--.-. (இது 2004-ல்தான் சேர்ந்தது)

ஆச்சரியக்குறி சர்வதேச அட்டவணையில் இல்லை. ஏதாவது ஒரு தளம் அதற்குக் குறி கொடுத்தால் அது அவர்கள் வழக்கம், எதிரில் இருப்பவருக்குப் புரியும் என்று நம்பாதீர்கள். சதவீதக் குறியும் கிடையாது. அதை 0, சாய்கோடு, 0 என்று மூன்றாக அனுப்புவார்கள்.

கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போட்ட இணைகள்தான் கண்ணை ஏமாற்றும்: ஆல்ஃபா–நவம்பர், டெல்டா–யூனிஃபார்ம், கோல்ஃப்–விஸ்கி, பிராவோ–விக்டர், ஃபாக்ஸ்ட்ராட்–லிமா, கியூபெக்–யாங்கி. இந்த ஆறையும் தனியாக எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்திலிருந்து மோர்ஸுக்கு

1. வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மோர்ஸில் இல்லை.
2. ஒவ்வோர் எழுத்துக்கும் குறியைப் போட்டு, எழுத்துக்கு நடுவே ஒரே ஒரு இடம் விடுங்கள்.
3. சொல்லுக்கு நடுவே இடம், சாய்கோடு, இடம். சொல்லைப் பிரிக்க இரண்டு மூன்று இடம் விடும் பழக்கம் வேண்டாம். இணையப் பக்கங்கள் தொடர்ச்சியான இடங்களை ஒன்றாகச் சுருக்கிவிடும், அப்புறம் சொற்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.
4. அட்டவணையில் இல்லாத எழுத்து வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடாதீர்கள். அதன் இடத்தில் ஏதாவது அடையாளம் போடுங்கள்.

போனில் தட்டும்போது நடக்கும் விபத்துகள் தனி வகை. இரண்டு கோடு அடுத்தடுத்து வந்தால் விசைப்பலகை அதை ஒரு நீளக் கோடாக்கிவிடும், மைக் டேங்கோ ஆகிவிடும். மூன்று புள்ளிகளை ஒற்றை எழுத்தாகச் சேர்த்துவிடும். பார்வைக்குச் சியரா போலவே இருக்கும், மொழிபெயர்ப்பானுக்கோ அது என்னவென்றே தெரியாது. இடவிசையை இரண்டு முறை தட்டினால் போன் தானாக ஒரு முற்றுப்புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி மோர்ஸில் ஓர் எக்கோ! ஐபோனில் 'ஸ்மார்ட் பங்க்சுவேஷன்', இரண்டு வகைப் போனிலும் இரட்டை இடத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வசதி, இவற்றை அணைத்துவிட்டு உட்காருங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி கோடும் இடமுமாகத் தொடங்கினால் அதைப் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளும், முதல் டேங்கோ காணாமல் போகும். வரியின் தலையில் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால் தப்பிக்கலாம். எக்ஸெலில் கோட்டில் தொடங்கும் குறியை அது சூத்திரம் என்று எடுத்துக்கொள்ளும். கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

தமிழை என்ன செய்வது

சர்வதேச அட்டவணையில் தமிழ் எழுத்து இல்லை. இணைய மொழிபெயர்ப்பானில் தமிழை ஒட்டினால் வெற்றிடமோ கேள்விக்குறியோதான் வரும். ஆங்கில எழுத்தில் மாற்றி அனுப்பலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ல, ள, ழ மூன்றையும், ன, ண இரண்டையும் பிரித்துக் காட்டப் பலரும் பெரிய எழுத்தை நம்புகிறார்கள். மோர்ஸில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே குறி. மொழியின் பெயரையே வழக்கமான ஆங்கில எழுத்தில் அனுப்பினால், எழுத்துக்கு எழுத்துப் படிப்பவர் 'தமில்' என்றுதான் படிப்பார்.

ஆங்கிலத்தில் இருபத்தாறு குறிகள் இருக்கின்றன. தமிழுக்குத் தேவைப்படாதவற்றை நம் எழுத்துகளுக்கு மாற்றிக்கொண்டால் போதும். கீழே இருப்பது இந்த வழிகாட்டிக்காக வகுத்தது, எந்த அமைப்பின் தரமும் இல்லை. அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் பயன்படும். முடிந்தவரை ஒலி ஒற்றுமையைப் பார்த்திருக்கிறோம்.

மெய்கள்:
க் -.-
ங் --.
ச் -.-.
ஞ் .---
ட் -..
ண் -..-
த் -
ந், ன் -.
ப் .--.
ம் --
ய் -.--
ர் .-.
ல் .-..
வ் ...-
ழ் --..
ள் --.-
ற் .--

உயிர்கள்:
அ .-
இ ..
உ ..-
எ .
ஒ ---
ஏ ..-..

ஆ, ஈ, ஊ, ஓ நான்குக்கும் குறிலையே இரண்டு முறை, இரண்டு எழுத்தாக அனுப்புங்கள். ஐ என்றால் அ, இ. ஔ என்றால் அ, உ. தமிழில் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்பதில்லை என்பதால் குழப்பம் வராது. ஏகாரத்துக்கு மட்டும் இந்த வழி ஆகாது. எ ஒற்றைப் புள்ளி. இரண்டு எ-வை அடுத்தடுத்து அனுப்பும்போது இடைவெளி கொஞ்சம் குறுகினால் அது இ ஆகிவிடும். ஆகவே சர்வதேச அட்டவணையில் அழுத்தக் குறியிட்ட எக்கோவுக்கு இருக்கும் ஐந்து குறியை ஏ-க்கு எடுத்திருக்கிறோம்.

ஆய்தத்துக்கு ..-. என்றும், ஸ்-க்கு ... என்றும், ஹ்-க்கு .... என்றும், ஜ்-க்கு -... என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கனம் பார்த்தால், தமிழில் மூச்சுக்கு மூச்சு வரும் அ-வுக்குத்தான் ஒற்றைப் புள்ளியைக் கொடுக்க வேண்டும். ஆனால் மோர்ஸ் ஏற்கெனவே தெரிந்தவரின் காது அதை எ என்றே கேட்கும். அவர்களை மறுபடி பழக்குவதைவிடச் சில நொடி கூடுதலாக ஆவது மேல்.

செய்முறை: உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து, அப்புறம் குறி போடுங்கள். 'மழை வருது' என்றால் ம், அ, ழ், அ, இ. பிறகு வ், அ, ர், உ, த், உ.

-- .- --.. .- .. / ...- .- .-. ..- - ..-

பெறும்போது இதன் எதிர்வழி. மெய்க்குப் பின் உயிர் வந்தால் சேர்த்து எழுதுங்கள், மெய்க்குப் பின் மெய் வந்தால் முன்னதற்குப் புள்ளி வையுங்கள். ந், ன் இரண்டுக்கும் ஒரே குறி என்பதால் ஒரு விதி வேண்டும்: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்பும் ந், மற்ற இடங்களில் ன். முந்நூறு, அந்நியன், பொதுநலம் மாதிரிச் சொற்கள் இந்த விதிக்கு அடங்காது. அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. யூனிகோடில் 'கோ' என்பதை க-வும் ஓகாரக் குறியும் ஆகவும் எழுதலாம். க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலில் யூனிகோடு இயல்பாக்கத்தை ஓட்டிவிட்டுப் பிறகு பிரியுங்கள். இன்னொன்று, ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டுபவர்கள் ஏராளம். அதை இயல்பாக்கம் சரிசெய்யாது, நீங்களே பிடித்து மாற்ற வேண்டும்.

ஒலியாக அனுப்ப

குளிரில் பல் தந்தியடிக்கிறது என்கிறோமே, அதில் எல்லா அடியும் ஒரே அளவு. மோர்ஸில் ஐந்து அளவுகள் உண்டு, எல்லாவற்றுக்கும் அடிப்படை புள்ளியின் நீளம்.

புள்ளி 1 அலகு
கோடு 3 அலகு
ஓர் எழுத்துக்குள் குறிகளுக்கு நடுவே 1 அலகு
எழுத்துக்கு நடுவே 3 அலகு
சொல்லுக்கு நடுவே 7 அலகு

தமிழ் படித்தவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழ வாய்ப்புண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு நம் வாயில் ஊறியது. 'டி' என்று புள்ளியையும் 'டா' என்று கோட்டையும் வாயால் சொல்லிப் பழகும்போது கோடு இரண்டு அலகிலேயே நின்றுவிடும். கேட்பவருக்குப் புள்ளியும் கோடும் பிரியாது. கோட்டை அளபெடையாக, 'டாஅ' என்று மூன்று மாத்திரைக்கு இழுங்கள்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பார்கள். சொல் என்றால் எந்தச் சொல்? 'பாரிஸ்' என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் அனுப்பினால், பின்னால் வரும் சொல் இடைவெளியும் சேர்ந்து, சரியாக 50 அலகு. அதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள தமிழ்க் குறியீட்டில் 'மழை'யைக் கூட்டிப் பாருங்கள்: எழுத்துகள் 7, 5, 11, 5, 3 ஆக 31, நான்கு எழுத்து இடைவெளி 12, சொல் இடைவெளி 7. மொத்தம் அதே 50. ஆகவே ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு முறை 'மழை' அனுப்ப முடிந்தால் உங்கள் வேகம் 12 சொல்.

புள்ளியின் நீளம் மில்லி நொடியில் வேண்டுமானால் 1200-ஐ வேகத்தால் வகுங்கள். 8 சொல் வேகத்தில் 150, 12-ல் 100, 20-ல் 60. 'மழை வருது' மொத்தம் 103 அலகு. 12 சொல் வேகத்தில் 10.3 நொடி. சுருதியை 600 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் வைத்தால் காது களைக்காது. ஒலியைத் திடீரென்று தொடங்கி நிறுத்தினால் 'டக்' என்று வெடிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 5 மில்லி நொடி ஏற்ற இறக்கம் கொடுங்கள்.

டார்ச் விளக்கால் அனுப்பி இன்னொருவர் வீடியோ எடுப்பதானால் வேகத்தைக் குறையுங்கள். நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் கேமராவில் ஒரு சட்டம் 33 மில்லி நொடி. 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு சட்டம்கூடத் தேறாது. 5 சொல் வேகத்தில் புள்ளி 240 மில்லி நொடி, ஏழு சட்டம் கிடைக்கும்.

மோர்ஸிலிருந்து எழுத்துக்கு

எழுதிய குறி கையில் இருந்தால் வேலை எளிது. சாய்கோட்டில் சொல்லை வெட்டி, இடத்தில் எழுத்தை வெட்டி, குறிகளை எண்ணி, நீளத்துக்குரிய அடுக்கில் தேடுங்கள். நான்கு குறியுள்ள ஒன்று அட்டவணையில் இல்லையென்றால் அது ..-- , .-.- , ---. , ---- இவற்றில் ஒன்றாக இருக்கும். நான்குக்கும் ஆங்கில எழுத்து கிடையாது. அங்கே ஓர் இடைவெளி விழுங்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டாக வெட்டிப் பாருங்கள்.

இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதப்பட்ட நீளமான வரியை உறுதியாகப் படிக்க வழியில்லை. எந்தத் தளம் விடை கொடுத்தாலும் அது ஊகம்.

ஒலிப்பதிவு என்றால் காதைவிடக் கண்ணை நம்பலாம். ஆடாசிட்டி போன்ற ஒலி மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு (ஒலியின் சுருதியை உயரமாகக் காட்டும் படம்) மாறுங்கள். மோர்ஸ் ஒரே உயரத்தில் துண்டு துண்டான கோடாகத் தெரியும், இரைச்சல் அதைச் சுற்றிப் புகைபோலப் பரவியிருக்கும். பிறகு:

1. மிகக் குறுகிய துண்டுகளில் பத்தை அளந்து சராசரி எடுங்கள். அதுதான் 1 அலகு.
2. 2 அலகுக்குக் குறைவான ஒலி புள்ளி, அதற்கு மேல் கோடு.
3. 2 அலகுக்குக் குறைவான மௌனம் எழுத்துக்குள் இருப்பது. 2-லிருந்து 5 வரை எழுத்து முடிவு. 5-க்கு மேல் சொல் முடிவு.

மூன்றாவது படி அடிக்கடி ஏமாற்றும். கற்பவர்களுக்கான பதிவுகளில் எழுத்தை வேகமாக அடித்து இடைவெளியை மட்டும் நீட்டியிருப்பார்கள். இதற்கு ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்று பெயர். அங்கே 3, 7 என்ற கணக்கு செல்லாது. ஒவ்வோர் எழுத்தும் தனிச் சொல்லாக உதிரும். அப்படி நடந்தால் எல்லா மௌனங்களின் நீளத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று குவியலாகப் பிரியும். எல்லைகளைக் குவியல்களுக்கு நடுவே போடுங்கள். கையால் அடித்த பதிவுக்கும் இதுவே மருந்து.

காதால் நேரடியாக எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: புள்ளி கோடாக எழுதாதீர்கள், எழுத்தாகவே எழுதுங்கள். குறியை எழுதிப் பிறகு மாற்றுபவர் 10 சொல் வேகத்தை ஒட்டித் திணறி நின்றுவிடுவார். தவறவிட்ட எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். அதை யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த மூன்றும் போய்விடும். பழகுவதற்கு, 1930-களில் ஜெர்மனியின் லூட்விக் கோக் வகுத்த முறையை இன்றும் பின்பற்றுகிறார்கள்: முழு வேகத்தில் இரண்டே எழுத்தில் தொடங்குவது, பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே அடுத்த எழுத்தைச் சேர்ப்பது.

இடைவெளியே விடக் கூடாத இடங்கள்

சில குறிகளை வேண்டுமென்றே ஒட்டி அனுப்புவார்கள். 1906-ல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்ட ஆபத்துக் குறி (எஸ்ஓஎஸ்) அப்படிப்பட்டது.

...---...

இது மூன்று எழுத்து கிடையாது. ஒன்பது குறியும் ஒரே மூச்சில் வரும் ஒரே அடையாளம். மொழிபெயர்ப்பானில் ஒட்டினால் 'தெரியாத குறி' என்று வருவதற்கு இதுவே காரணம். செய்தி முடிந்தது என்பதற்கு .-.-. , தொடர்பே முடிந்தது என்பதற்கு ...-.- , பொறுங்கள் என்பதற்கு .-... அனுப்புவார்கள். தவறாக அடித்துவிட்டால் எட்டுப் புள்ளி தொடர்ச்சியாக, பிறகு அந்தச் சொல்லை முதலிலிருந்து. நிரலில் இவற்றைத் தனிப் பதிவுகளாகச் சேர்த்துவிடுங்கள்.

பழைய அமெரிக்க ரயில்வே தந்தித் தாள்களைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த அட்டவணை உதவாது. அமெரிக்க மோர்ஸில் பதினொரு எழுத்துகளும், 4 தவிர மற்ற எண்களும் வேறு, சில எழுத்துகளுக்கு உள்ளேயே சிறு இடைவெளி இருக்கும்.

சரிபார்க்க

மாற்றியதை மறுபடி எழுத்தாக மாற்றி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு திசைக்கும் வேறு வேறு கருவி பயன்படுத்தினால் தவறு வெளியே வரும். ஒரே கருவி இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்து, சரி என்று காட்டிவிடும். தமிழுக்குச் சோதனைச் சொற்களாகப் பள்ளி, பல்லி, ஏன், கோழி, முந்நூறு ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கும் அப்படியே திரும்பி வர வேண்டும். கடைசிச் சொல் 'முன்னூறு' என்று வந்தால் நிரல் சரியாகத்தான் ஓடுகிறது.

கையால் ஒன்று செய்து பாருங்கள்.

-. .- .- --.- .- .. / ...- .- .-

'நளை வா' என்று வந்தால் ஓர் அ-வை விட்டுவிட்டீர்கள். 'நாலை வா' என்று வந்தால் நான்காவது எழுத்தை மறுபடி எண்ணுங்கள். விடை: நாளை வா.